ஒரே சம்பளம், இரண்டு வீடு: கூடுவாஞ்சேரியும் மயிலாப்பூரும்

கேள்வி: "நானும் என் நண்பனும் சென்னை தரமணியில் ஒரே அலுவலகம், ஒரே பதவி, சம்பளமும் ஏறக்குறைய ஒன்று. எனக்கு 38 வயது. போன வருடம் புறநகரில், கூடுவாஞ்சேரியில் 62 லட்சத்துக்கு மூன்றாவது மாடியில் ஃபிளாட் வாங்கினேன். 50 லட்சம் கடன், 20 வருடம். மனைவிக்கு அடையாறில் வேலை இருந்தது, தூரம் ஒத்துவராமல் விட்டுவிட்டாள். நண்பன் மயிலாப்பூரில் 650 சதுர அடி வீட்டுக்கு மாதம் 24,000 வாடகை கொடுக்கிறான். 'நீ பேங்குக்கு உழைக்கிறாய்' என்று அவன் சொல்கிறான், 'நீ ஹவுஸ் ஓனருக்கு உழைக்கிறாய்' என்று நான் சொல்கிறேன். மயிலாப்பூரில் நானும் ஆறு மாதம் தேடினேன், கிடைக்கவில்லை. எங்கள் இருவரில் யார் கணக்கு சரி?"

தம்பி, வங்கியில் 24 வருடம் வீட்டுக்கடன் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கணக்கைத்தானே கேட்டீர்கள், அதை முதலில் முடித்துவிடுவோம். 50 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டி என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 43,400. 20 வருடத்தில் நீங்கள் கட்டுவது 1 கோடியே 4 லட்சம். உங்கள் பகுதியில் இதே அளவு ஃபிளாட்டுக்கு 15,000, 16,000 வாடகை இருக்கலாம். அதாவது தவணையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலே அதே கட்டடத்தில் வாடகைக்கு இருந்துவிடலாம். பழைய வருமான வரி முறையில் வட்டிக்கு 2 லட்சம் வரையும், அசலுக்கு 80சி-யில் ஒன்றரை லட்சம் வரையும் கழிவு கிடைத்தது. புதிய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு அதுவும் இல்லை. விலை ஏறுமே என்பீர்கள். ஏறுவது மண். ஃபிளாட்டில் உங்களுக்கு உள்ள மண், பத்திரத்தில் யு.டி.எஸ் (பிரிக்கப்படாத நிலப் பங்கு) என்று எழுதியிருக்கும் சில நூறு சதுர அடி. கட்டடம் வருடா வருடம் தேயத்தான் செய்யும். ஆகவே பேப்பரில் உங்கள் நண்பர் ஜெயித்தார்.

ஆனால் இந்தக் கணக்குத் தெரியாமல் என் மேஜைக்கு வந்தவர்கள் குறைவு. ஆடிட்டர்கள் வந்திருக்கிறார்கள், கணக்கு வாத்தியார்கள் வந்திருக்கிறார்கள். ஒரு பொருளாதாரப் பேராசிரியர் வாடகைதான் லாபம் என்று எனக்கு அரை மணி நேரம் விளக்கிவிட்டு, கடைசியில் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். வட்டிக் கணக்கில் அகப்படாத ஏதோ ஒன்று இதில் இருக்கிறது.

முதல் தவறு "ஒரே சம்பளம்" என்ற வார்த்தையில் இருக்கிறது. சம்பளச் சீட்டு ஒன்றாக இருந்தால் வசதியும் ஒன்று என்று ஆகிவிடாது. நான் விண்ணப்பதாரரிடம் ஃபாரத்தில் இல்லாத மூன்று கேள்விகள் கேட்பேன். ஊரில் வீடு இருக்கிறதா? அப்பாவுக்குப் பென்ஷன் உண்டா? தங்கைக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? அந்த மூன்றுக்கும் வரும் பதிலில், ஆள் எந்த மாதிரி வீடு வாங்கப்போகிறார் என்பது பாதி தெரிந்துவிடும். ஊரில் ஓட்டு வீடாவது ஒன்று பெயரில் இருப்பவர், அப்பா அரசாங்கப் பென்ஷன் வாங்குபவர், சென்னையில் வாடகைக்கு இருப்பதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வேலை போனால் பஸ் ஏற ஓர் ஊர் இருக்கிறது. மாறாக, ஊருக்கு மாதம் பணம் அனுப்புகிறவர், குடும்பத்தில் முதன்முதலாகச் சம்பளச் சீட்டு பார்த்தவர், எப்படியாவது ஒரு பத்திரத்தைக் கையில் வாங்கிவிட வேண்டும் என்று துடிப்பார். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் ஆட்கள் சொல்வது இவருக்குப் பழமொழி இல்லை, பயம். உங்கள் நண்பரின் ஊர்க்கதை எனக்குத் தெரியாது. ஒரு நாள் டீ குடிக்கும்போது அந்த மூன்று கேள்வியையும் அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது வயது. சென்னைக்குப் பிழைக்க வந்தவர்கள் மாறிய வீடுகளை வரிசையாக அடுக்கினாலே அவர்கள் வாழ்க்கை வரலாறு வந்துவிடும். என் தலைமுறைக்குத் தொடக்கம் திருவல்லிக்கேணி மேன்சன். ஓர் அறையில் மூன்று கட்டில், வரிசையில் நின்று குளியல், கீழே மெஸ், மொட்டை மாடியில் கொடி கட்டிக் காயும் லுங்கிகள். பரீட்சைக்குப் படிக்கிறவர், மருந்து விற்பனைப் பிரதிநிதி, சினிமாவுக்கு முயல்கிறவர் எல்லோரும் ஒரே வராந்தாவில். அங்கே யாரும் வெளிச்சமோ காற்றோ கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் பக்கத்தில், எப்போது வேண்டுமானாலும் காலி செய்யும்படி இருந்தால் போதும். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தபின் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி வேளச்சேரிக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் நகர்ந்து, மேன்சனுக்குப் பதில் பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) என்று பெயர் மாறியது. வாஷிங் மெஷினும் வைஃபையும் வந்தன. கட்டில் கணக்கு அப்படியேதான்.

அதே வயதுப் பெண்ணுக்குக் கதை வேறு. இடத்தை அவள் தேர்ந்தெடுப்பது அரிது. அப்பா வந்து வார்டனைப் பார்த்து, கேட் எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுப்பார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வல்லம் வடகாலில் மாநில அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்த பெண் தொழிலாளர் குடியிருப்பில் 18,720 படுக்கைகள். ஒரு சின்ன ஊர் அளவு ஜனம் தங்கும் இடத்தை வீடுகளாக எண்ணாமல் படுக்கைகளாக எண்ணுகிறோம். வயதும் வர்க்கமும் சேர்ந்து ஒருவருக்கு எத்தனை அடி இடம் என்று தீர்மானிப்பதை இதைவிடத் தெளிவாக நான் பார்த்ததில்லை.

கல்யாணம் ஆனதும் அதே ஆள் ஹவுஸ் ஓனர் கண்ணுக்கு வேறு ஆளாகிவிடுகிறார். நேற்றுவரை "பேச்சிலருக்கு இல்லை" என்று சாத்திய கதவு, ஒரு தாலிக்கொடிக்குத் திறக்கும். குழந்தை பிறந்ததும் அடுத்த நகர்வு. இதைப் பலர் வெளியே சொல்ல மாட்டார்கள், ஃபைலில் முகவரியைப் பார்த்தால் தெரியும்: இரண்டு பேரும் வேலைக்குப் போகிற குடும்பம், பெண்ணின் அம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு பிடித்திருக்கும். வாடகை கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. பிறகு எல்.கே.ஜி. தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிக்க, பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும் என்பார்கள். அதற்காகவே வீடு மாறியவர்களை எனக்குத் தெரியும். பையன் பத்தாவது முடிக்கும்வரை அந்தக் குடும்பத்தை அங்கிருந்து யாராலும் அசைக்க முடியாது.

அதற்கு நடுவில்தான் உங்கள் வயது வருகிறது. முப்பத்தைந்து தாண்டினால் திடீரென்று எல்லோருக்கும் சொந்த வீட்டு ஆசை பொங்குவது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? ஓய்வு பெறும் வயதுக்குள் கடன் முடிய வேண்டும் என்று வங்கி பார்க்கிறது. 38-ல் வந்தால் 20 வருடம் கொடுப்போம், 45-ல் வந்தால் 15, தவணை எகிறும். ஆசை இயற்கையாக வருகிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பாதியை எங்கள் அட்டவணை கிளப்பிவிடுகிறது. மீதியை உறவினர்கள் பார்த்துக்கொள்வார்கள். "இன்னும் வாடகைதானா?" என்று ஒரு சித்தப்பா கேட்டால் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைட் பார்க்கக் கிளம்பிவிடுவோம்.

முதுமையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் வெளிநாட்டில், பெரிய வீட்டில் இரண்டு பேர், பூட்டிக் கிடக்கும் அறைகள். வசதியுள்ளவர்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் முதியோருக்கென்றே கட்டும் குடியிருப்புகளுக்குப் போகிறார்கள். சமையலும் டாக்டரும் அங்கேயே. வசதி இல்லாதவர்கள் பிள்ளை வீட்டு ஹாலில் கட்டில் போட்டுக்கொள்கிறார்கள்.

இனி வர்க்கம். நம் ஊரில் இதை மறைக்கக்கூட இல்லை, போர்டு எழுதியே வைத்திருக்கிறோம். 1961-ல் வீட்டு வசதி வாரியம் வந்தபின் மனைகளும் ஃபிளாட்டுகளும் வருமானத்தின்படி பிரிக்கப்பட்டன: எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி. குறைந்த, நடுத்தர, உயர் வருவாய்ப் பிரிவு. திட்டத்துக்குச் சரி. ஆனால் அந்த எழுத்துகள் முகவரியிலேயே ஒட்டிக்கொண்டன. "எம்.ஐ.ஜி. காலனி, இரண்டாவது தெரு" என்று கல்யாணப் பத்திரிகையில் அச்சடிப்போம். எல்.ஐ.ஜி. வீட்டுக்காரர் மாடி எடுத்து, முகப்பில் டைல்ஸ் ஒட்டி, இன்று கோடி ரூபாய்ச் சொத்துக்காரர் ஆனாலும் எழுத்து மாறவில்லை.

எங்கள் மேஜையில் கடன் கிடைக்காதவர்களும் உண்டு. உங்களைவிட அதிகம் சம்பாதிக்கும் காய்கறி மொத்த வியாபாரி ஒருவர் என்னிடம் வந்தார். சம்பளச் சீட்டு இல்லை, வருமான வரிக் கணக்கு இல்லை. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்படிப்பட்டவர்கள் ஃபிளாட் பக்கமே போவதில்லை. புறநகரைத் தாண்டி அரை கிரவுண்டு மனை வாங்கி, முதல் வருடம் ஓர் அறையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும், நாலு சீட்டுப் பணம் எடுத்தபின் கான்கிரீட், மகள் கல்யாணத்துக்கு முன் மாடி என்று வளர்த்துக்கொண்டே போவார்கள். தவணை கட்டாமல் வீட்டையே தவணையாகக் கட்டுவது. 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது அடிபட்டது பெரும்பாலும் இவர்கள்தான். 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்து, கட்டணம் கட்டி, நடையாய் நடந்து மீண்டார்கள். "பஞ்சாயத்து அப்ரூவலா, சி.எம்.டி.ஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அப்ரூவலா" என்ற ஒற்றைக் கேள்வியில் இரண்டு வர்க்கம் பிரிந்துவிடும்.

அதற்கும் கீழே, தேர்வு என்ற சொல்லே பொருந்தாத இடம். கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்தவர்களை நகரின் தென் விளிம்பில் இருக்கும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோனார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு போனவர்களில் பலர் பள்ளி ஆண்டின் நடுவில் போனவர்கள். ஆற்றங்கரைக் குடிசையைவிட அந்தக் கான்கிரீட் வீடு உறுதியானது, மறுக்கவில்லை. ஆனால் நுங்கம்பாக்கத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாவுக்கு அங்கிருந்து காலை ஏழு மணிக்கு வந்துசேர முடியாது. ஆற்றங்கரை அவருக்கு வேலைக்கு நடந்து போகும் தூரம். அதை எடுத்துக்கொண்டு சுவர் கொடுத்தோம். சிலர் கொடுத்த வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய இடத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு வந்துவிட்டார்கள் என்றால், அவர்களுக்கு நன்றி கெட்டவர்கள் என்று பெயர் வைக்கிறோம். தரமணிக்குப் பக்கத்தில் வீடு வேண்டும் என்று உங்கள் நண்பர் நினைத்தால் அது புத்திசாலித்தனம்!

மதிப்புகளுக்கு வருகிறேன். நம்பிக்கை, பண்பாடு என்றெல்லாம் சொல்கிறோமே, அது வீட்டு விஷயத்தில் எப்படி வெளிப்படுகிறது? சில்லறை நம்பிக்கைகள் ஒரு பக்கம். தெருக்குத்து மனை மலிவாக வரும், வாங்கியவர் சுவரில் ஒரு பிள்ளையாரை வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார். தென்மேற்கில் பூஜையறை என்பதற்காக ரத்தான பேரங்கள் உண்டு. வேடிக்கை என்னவென்றால் வாஸ்து பார்த்து முடித்தவர்கள் தண்ணீர் தேங்குமா என்று கேட்க மறந்துவிடுவார்கள். 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வேளச்சேரி மூழ்கியபின் அந்தக் கேள்வியும் பட்டியலில் ஏறியிருக்கிறது. இரண்டு கோடை போனால் மறந்தும் போகிறது.

ஆனால் பெரிய மதிப்பு, யாரோடு சுவரைப் பகிர்ந்துகொள்வது என்பதுதான். நீங்கள் "கிடைக்கவில்லை" என்று ஒரே சொல்லில் முடித்த ஆறு மாதத்தைப் பற்றிச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மயிலாப்பூரில் வீடு தேடியபோது எத்தனை பேர் "நான்-வெஜ் சமைப்பீங்களா" என்று கேட்டார்கள்? எத்தனை பேர் சொந்த ஊர் எது, எந்தத் தெரு என்று சுற்றி வளைத்துக் கேட்டார்கள்? பெயரைக் கேட்டதும் "இப்பத்தான் வேறொருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார்" என்றவர்கள் எத்தனை பேர்? "வெஜிடேரியன் மட்டும்" என்ற டூலெட் போர்டு சொல்வது கத்தரிக்காயை மட்டும் அல்ல, சாதியையும்தான் என்பது எழுதியவருக்கும் படிப்பவருக்கும் தெரியும். முஸ்லிம் குடும்பங்கள் இதைவிட நேரடியாகக் கேட்டுப் பழகியவர்கள். தனியாக இருக்கும் பெண்ணுக்கு இன்னொரு வகைக் கேள்வித்தாள். வக்கீல், போலீஸ், சினிமாக்காரர் என்றால் கொடுக்க மாட்டோம் என்பவர்களும் உண்டு. வங்கிக்காரன் என்று சொன்னால் எனக்கு மட்டும் உடனே சாவி தந்தார்கள்.

வாடகைக்கு வீடு தேடுவதில் நாம் தேர்ந்தெடுப்பதைவிட நம்மைத் தேர்ந்தெடுப்பதுதான் அதிகம் நடக்கிறது. சொந்த ஃபிளாட் விற்கும் பில்டர் உணவு என்ன என்று கேட்பதில்லை, செக் வந்தால் போதும். ஆகவே உங்களைப் போன்ற பலர் வாங்குவது சதுர அடிகளை மட்டும் அல்ல. இனி ஒருவர் வாசலில் நின்று என்ன சமைக்கிறாய் என்று கேட்க முடியாது என்ற உரிமையையும் சேர்த்துத்தான். வாடகைக்கும் தவணைக்கும் நடுவில் இருக்கும் அந்த 28,000 ரூபாயில் ஒரு பகுதி இதற்குப் போகிறது. நண்பரிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை என்றால், அவர் கணக்கில் இந்தச் செலவு இருக்கக் காரணமே இல்லை.

நாங்கள் "நல்ல ஏரியா" என்று சொல்கிறோம் பாருங்கள், அந்தச் சொல்லையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். கேட்டட் கம்யூனிட்டி விளம்பரத்தில் நீச்சல் குளம் படம் இருக்கும். வாங்குகிறவர் மனதில் இருப்பது கேட். யார் உள்ளே வர முடியாது என்பதற்கும் சேர்த்துத்தான் அங்கே மெயின்டெனன்ஸ் கட்டுகிறோம். பண்பாடு என்று சொல்லிக்கொள்வதில் எவ்வளவு வர்க்கம், எவ்வளவு சாதி என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். பிரிக்க முயன்றவர்கள் சொந்தக்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

நண்பர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர் 24,000 கொடுப்பது வெறும் 650 சதுர அடிக்கு இல்லை. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் தரமணியில் இறங்கிவிடலாம். வீட்டுக்கு வரும்போது வெளிச்சம் இருக்கும். மண்டைவெளியில் காய்கறி, நடந்து போகும் தூரத்தில் கோயில், பள்ளி, ஆஸ்பத்திரி. அவர் விட்டுக்கொடுத்தது இடமும் நிச்சயமும். ஹவுஸ் ஓனரின் மகன் அமெரிக்காவிலிருந்து திரும்பினால், அல்லது பில்டர் வந்து பழைய கட்டடத்தை இடிக்கக் கேட்டால், நண்பர் பள்ளி ஆண்டின் நடுவிலேயே பெட்டி கட்ட வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யச் சொல்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. அதைப் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். பத்து மாத அட்வான்ஸைக் கையில் கொடுத்துவிட்டு வாய்ப்பேச்சில் இருந்தால், அவர் கணக்கும் அவ்வளவு சரி இல்லை.

உங்கள் கணக்கில் விட்டுப்போனது ஒன்று இருக்கிறது. கேள்வியில் ஒரு வரியாகப் போட்டுவிட்டுக் கடந்துவிட்டீர்கள்: மனைவியின் வேலை. தவணை 43,400 என்று இருவரும் சண்டை போடுகிறீர்கள். அடையாறில் அவர் வாங்கிய சம்பளம் இருவர் கணக்கிலும் இல்லை. கூடுவாஞ்சேரி வீட்டின் மாதச் செலவு தவணையோடு அவர் சம்பளமும் சேர்ந்ததுதான். 20 வருடத்துக்கு அதைப் பெருக்கிப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. புறநகர் ஃபைல்களில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது. கடன் கேட்கும்போது இரண்டு பேர் சம்பளத்தையும் காட்டுவார்கள், வீட்டுக்குப் போன மறுவருடம் ஒருவர் சம்பளம்தான் இருக்கும். விட்டுக்கொடுப்பவர் யார் என்பதில் அநேகமாக மாற்றமே இருந்ததில்லை. தாம்பரத்திலோ கிளாம்பாக்கம் பக்கத்திலோ அவருக்கு வேலை கிடைக்குமா என்று இப்போதே பாருங்கள். பத்திரத்தில் அவர் பெயரும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால், வங்கியிடம் கேட்டுவிட்டு, அவர் பங்கைத் தான செட்டில்மென்டாகவாவது எழுதிவைப்பதைப் பற்றி ஒரு வக்கீலிடம் பேசுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். உங்கள் கடன் முடியும்போது உங்களுக்கு 57, 58 ஆகியிருக்கும். உங்கள் அம்மா அப்பா ஊரிலிருந்து உங்களோடு வந்து இருக்கப்போவது அதற்கு முன்னால்தான். மூன்றாவது மாடி என்று எழுதியிருக்கிறீர்கள். லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதவில்லை.